நாலாம் லயத்துப் பச்சைக் குடிசை

எழுபத்தொன்றாம் வருடம் மொக்கையன் தன் அக்காள் மகளுக்குக் கட்டிய ஓலைக் குடிசை எழுபத்தொன்பதிலும் பச்சையாகவே நின்றது. பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட், அதில் கூலிக்காரர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற நாலாம் லயத்து வாசலில், தண்ணீர்க் குழாய்க்கும் விறகு அடுக்குக்கும் நடுவே அது இருந்தது. புதிதாக வருகிறவர்கள் ஒருமுறை நின்று பார்ப்பார்கள். லயத்து ஆட்களுக்கு அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அரிசி விலை ஏறினால் பேசுவார்கள், போனஸ் குறைந்தால் பேசுவார்கள். பெண் ஆளானால் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டி அதில் அவளைத் தனியே உட்கார வைக்க வேண்டும், தீட்டுக் கழிக்கும் நாளில் அந்தக் குடிசையைப் பிரித்து எரித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கீழ்நாட்டிலிருந்து கூடவே கொண்டுவந்த வழக்கம். மலையில் தென்னைக்கு எங்கே போவது? மொக்கையன் கம்பத்திலிருந்து ஓலையை பஸ் மேல் ஏற்றி, குமுளி வரைக்கும் கண்டக்டரோடு சண்டை பிடித்துக்கொண்டே வந்து, மழையில் நனைந்தபடி கட்டி முடித்தான். கைராசிக்காரன் என்று பிற்பாடு அவனுக்குப் பெயர் வந்தது. அவனும் அதை மறுக்கவில்லை.

அந்தக் குடிசையில் உட்கார்ந்தவள் சந்தனம், குருவம்மாளின் ஒரே மகள். குருவம்மாள் கொழுந்தெடுப்பவள். வாய் என்றால் அப்படியொரு வாய், கங்காணியே அவளிடம் அளந்துதான் பேசுவார். அந்த வாய்க்கு மகளிடம் மட்டும் பூட்டு. சடங்குக்கு ஒலிபெருக்கி கட்டி மலை அதிரப் பாட்டுப் போட்டார்கள். சுற்றியிருந்த எஸ்டேட்டுகளுக்கெல்லாம் சந்தனம் ஆளான சேதி தெரிந்தது, அப்படியென்றால் என்ன என்று சந்தனத்துக்கு மட்டும் தெரியாது. பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள், உளுந்தங்களி ஊட்டினார்கள், பச்சை முட்டையைக் குடிக்க வைத்தார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்வது வழக்கப்படி அத்தையின் பொறுப்பு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே காதோடு சொல்லிவிட வேண்டும். அத்தை அழகுத்தாய் குருவம்மாளின் புருஷனுக்கு அக்காள், அதே லயத்தில் கடைசி வீட்டுக்காரி. அன்றைக்குப் பார்த்து, தன் சீர்த்தட்டுக்கு முன்னால் மொக்கையன் தட்டை உள்ளே விட்டுவிட்டார்கள் என்று அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். உதட்டை இறுக்கிக்கொண்டு தண்ணீரை ஊற்றினாள், துண்டை உதறிப் போட்டாள், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பெற்றவள் சொல்லிக்கொள்ளட்டும் என்று அவள் நினைத்தாள். அத்தை சொல்லியிருப்பாள் என்று குருவம்மாள் நினைத்தாள். "எதுக்கும்மா என்னயத் தனியா வச்சிருக்கீக?" என்று முந்தின நாள் களிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டே மகள் கேட்டபோதுகூட, "எல்லாம் அத்தை சொல்லுவா, தின்னு" என்றுதான் சொன்னாள்.

எரிக்க வேண்டிய நாளில் குடிசை எரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தது, ஓலை லேசாக வேர்த்தது, அவ்வளவுதான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் கத்தியால் வெட்டிப் பார்த்தார்கள், வெட்டுப்பட்ட இடம் மறுநாள் கூடிக்கொண்டது. ஆடு தின்றது, தின்ற ஓலை மறுபடி வந்தது. ஆட்டுக்காரிக்கு அதில் சந்தோஷம். சூப்பர்வைசர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, வழியை மறைக்காமல் இருந்தால் சரி என்று சொல்லிப் போனார். ராசியான குடிசை என்று ஊர் முடிவுகட்டியது. குருவம்மாளுக்குத்தான் அது ராசியாகப் படவில்லை. வேலை முடிந்தால்தானே குடிசை எரியும்? முடியாத வேலை எது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தினம் காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கப் புறப்படும்போது அதைப் பார்ப்பாள், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். சாயங்காலம் கூடையை இறக்கியதும், சோறு ஆகட்டும் என்பாள், சோறு ஆனதும் பிள்ளை களைத்திருக்கிறாள் என்பாள். தன் தாயும் தனக்கு ஒன்றும் சொல்லவில்லையே, நாம் குடும்பம் நடத்தவில்லையா என்று ஒரு சமாதானம் வேறு வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று கொஞ்சநாள் தைரியமாக இருந்தாள். எஸ்டேட் பள்ளியின் சயன்ஸ் வாத்தியார் யக்ஞநாராயணன், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், நல்ல மனிதர், சித்திரையிலும் மஃப்ளர் சுற்றிக்கொண்டிருப்பார். தவளையின் உட்புறத்தைப் போர்டில் வரைந்தால் தவளையே வந்து பார்க்கும்படி இருக்கும். மனுஷனைப் பற்றிய பாடம் வந்தால் மட்டும் பக்கங்களைப் புரட்டிச் செடிகொடிக்குத் தாவிவிடுவார். குருவம்மாள் ஒருநாள் நேரே போய், சுற்றி வளைத்து, பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதையும் ரெண்டு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டாள். மஃப்ளருக்குள்ளேயே அவர் காது சிவந்தது. "அதெல்லாம் ஆத்துல அம்மாதான் சொல்லிக் கொடுக்கணும். நான் எப்படிச் சொல்றது? நாளைக்கு நாலு பேர் வந்து என்னைக் கேப்பா" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆளாளுக்குச் சொன்னது எல்லாமே நியாயம்தான், அதுதான் வம்பு.

பிறகு குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் வந்தது. லயத்துச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்தார்கள். ரெண்டு பிள்ளை போதும் என்று மைக்கில் கத்திக்கொண்டு வளைவுக்கு வளைவு போனார்கள். ஆப்பரேஷன் செய்துகொண்ட ஆம்பளைகள் இனாம் வாளியோடு திரும்பினார்கள், அந்த வருடம் லயத்தில் வாளிக்குப் பஞ்சமில்லை. இலவசமாகக் கொடுத்த உறைகளைப் பொடிப்பயல்கள் ஊதி பலூனாக்கி, பொங்கலுக்குப் பச்சைக் குடிசையைச் சுற்றித் தோரணம் கட்டிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. குருவம்மாள் ஓடிவந்து அத்தனையையும் பிய்த்தெறிந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்தெடுக்க வந்துவிட்ட சந்தனம், "பலூனப் போயி ஏம்மா பிய்க்கிற? என்ன அது?" என்று கேட்டாள். முதுகில் ஒன்று விழுந்தது பதிலாக. அவள் விடவில்லை, டிஸ்பென்சரிக்குப் போய் வரிசையில் நின்று நர்சம்மாவிடமே கேட்டாள். நர்சம்மா மலையாளத்துக்காரி, குணமானவள். "கல்யாணம் கழிஞ்சிட்டு வா மோளே, அப்பம் சொல்லித் தராம்" என்றாள். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதற்குப் பின் சந்தனம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஓலை அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கரும்பச்சையாகத் தெரிந்ததை அழகுத்தாய் கவனித்தாள், சொல்லவில்லை.

பத்தொன்பதாவது வயதில் அவள் சூசையப்பன் மேல் பிரியம் வைத்தாள். அவன் பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவன், சாது, பாட்டுக்காரன். அவனுக்கும் யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, சீட்டாடுமிடத்துப் பேச்சைத் தவிர. எழுபத்தாறு ஆடியில் கொழுந்தெடுக்கப் புறப்பட்ட மகள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்ட முடியாமல் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பதைக் குருவம்மாள் கண்டாள். வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, எவன்டி என்று கேட்டாள். பிள்ளை என்ற வார்த்தையைக் கேட்டதும் சந்தனம் சிரித்துவிட்டாள். "கூறுகெட்டதனமாப் பேசாதம்மா. தாலி கட்டாம எப்படிப் பிள்ளை வரும்?" என்றாள். குருவம்மாள் அடிக்கக் கை ஓங்கினாள், ஓங்கிய கை அப்படியே நின்றது. மகள் நடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் கேட்டதெல்லாம் தாலி ஏறிய பத்தாம் மாதம் பிள்ளை என்பதுதானே? தாலாட்டிலும் அதுதான், குழாயடிப் பேச்சிலும் அதுதான். தாலி இல்லாதவரைக்கும் பயமில்லை என்று அந்தப் பெண் தெம்பாக இருந்திருக்கிறாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி மனுஷி அப்போதும் சொல்லவில்லை. வயிற்றில் கட்டி என்றாள். கட்டி கரைக்கிற பொம்பளை கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லி, யாருக்கும் தெரியாமல் கூட்டிப்போனாள். சந்தனம் தாயை நம்பி, புதுச் சேலை கட்டி, தலையில் பூவோடு போனாள். திரும்பும்போது ரத்தம் நிற்கவில்லை. பெரிய ஆசுபத்திரிக்கு ஜீப் பிடித்தார்கள். பெரியாற்றுப் பாலம் தாண்டும்போது தாய் மடியிலிருந்து, "கட்டி போயிருச்சாம்மா?" என்று கேட்டாள். போயிருச்சுத்தா என்றாள் குருவம்மாள். அடுத்த வளைவில் மகள் கை அவள் கையிலிருந்து நழுவியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சூசையப்பன் தலையை வழித்துச் சீவி, ஒரு சேலைப் பொட்டலத்தோடு பெண் கேட்டு வந்தான். சாவு விழுந்தால் செய்கிறபடி லயத்தில் வரிசையாகச் சொம்பு கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்துத்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. கருமாதி அன்று அழகுத்தாய் வந்து குருவம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ சொல்லியிருப்பேன்னு இருந்துட்டேன் குருவு" என்றாள். "நீங்க சொல்லியிருப்பீகன்னு இருந்துட்டேன் மதினி" என்றாள் இவள். ரெண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது என்ன?

முப்பதாம் நாள் கழிந்ததும் குருவம்மாள் டிஸ்பென்சரிக்குப் போய் நர்சம்மாவின் மேஜை முன் உட்கார்ந்தாள், எழுந்திருக்க மாட்டேன் என்றாள். ஒன்று விடாமல் கேட்டாள். கழுத்தில் தாலி இருந்ததால் அவளுக்கு எல்லாப் பதிலும் கிடைத்தது. கடைசியில் நர்சம்மாவும் மூக்கைச் சிந்தினாள். அங்கிருந்து வந்தவள் கூடையைக்கூட எடுக்காமல் நேரே பச்சைக் குடிசைக்குள் குனிந்து போய், சந்தனம் உட்கார்ந்திருந்த பலகைக்கு எதிரே சம்மணம் போட்டாள். "ஏத்தா சந்தனம், கேளு" என்று ஆரம்பித்தாள். மாதாமாதம் வருவது எதனால், பிள்ளை எப்படி உண்டாகிறது, உண்டாகாமல் இருக்க என்னென்ன வழி, அதை யாரிடம் கேட்டு வாங்குவது, எவன் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் எந்த இடத்தில் மாட்டேன் என்று எழுந்து வர வேண்டும், தப்பிப் போனால் ஒளிக்காமல் யாரிடம் ஓட வேண்டும் என்று, கங்காணியிடம் பேசுகிற அதே குரலில், வெட்கமில்லாமல் சொன்னாள். பலகையில் யாரும் இல்லை. அது அவளுக்குத் தெரியும், அவளுக்குப் புத்தி நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளும் வந்தாள். வேலை விட்ட பிறகு தினமும் வந்தாள். கொஞ்சநாளில் ஓலைக்கு வெளியே விறகு பொறுக்குகிற பெண்பிள்ளைகள் கூடினார்கள். அந்த இடத்தில் அவ்வளவு விறகு கிடையாது. தாய்மார்கள் பார்த்துவிட்டுப் பாராதமாதிரி போனார்கள். அவர்களில் சிலர் தாங்களே மகளைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் சுள்ளி கிடக்குது பார் என்று அனுப்பினார்கள். அடுத்த வருடம் பையன்களும் வந்தார்கள், சூசையப்பன் அவர்களைத் தள்ளி உட்கார வைத்தான். குருவம்மாள் ஒருநாளும் வெளியே எட்டிப் பார்த்ததில்லை. அவள் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவே. வெளியிலிருந்து கேள்வி வந்தால் அதற்கும் சந்தனம் என்று பேர் சொல்லியே பதில் சொன்னாள். ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல், "அத்த, இதச் சந்தனக்காகிட்ட அப்பவே சொல்லிருந்தா?" என்று கேட்டது. மற்ற பிள்ளைகள் அந்தப் பெண்ணைக் கிள்ளும் சத்தமும் கேட்டது. குருவம்மாள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லிருந்தா இந்நேரம் அவளும் உங்களோட வெளிய உக்காந்து என்னயக் கேலி பண்ணிக்கிட்டு இருப்பா" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினாள்.

எழுபத்தொன்பதில் கம்பெனி லயத்துக்கெல்லாம் கூரைத் தகரம் மாற்றியது. காண்டிராக்ட் எடுத்த மேஸ்திரி வெளியூர்க்காரர், ஏணி சாத்த இடைஞ்சலாக இருக்கிறதே, இந்த ஓலையைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டார். சூப்பர்வைசர் தகரத்தை எண்ணிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"அது புழக்கத்துல இருக்குய்யா. ஏணிய அந்தப் பக்கமாச் சாத்து" என்றார்.