அதிகாரி இல்லாத அலுவலகம்

"ஒரு சீலு, ஒரே ஒரு சீலு, அத எடுத்துக் குத்துடான்னா—"

"குத்தினா நாங்கதான் அரசுன்னு ஆயிடும்க்கா, அது புரியாம நீ—"

"ஆனா ஆயிட்டுப் போயேன். நாளைக்குக் காலையில என் வீட்ட இடிக்க வர்றாங்க. நீ அரசாவோ ஆட்டுக்குட்டியாவோ ஆனா எனக்கென்ன?"

"மெதுவாப் பேசுக்கா. பின்னால ஜனங்க நிக்கிறாங்க."

"அவங்களும் அதுக்குத்தானடா நிக்கிறாங்க."

நின்றுகொண்டுதான் இருந்தார்கள். தையல்காரிக்குப் பின்னால் படிக்கட்டுவரை நாற்பது பேர், ஆளுக்கொரு காகிதத்தோடு. அவள் கையிலும் ஒன்று. சாலையை அகலமாக்க அவள் தெருவை எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. ஆட்சேப மனு எழுதி இன்று மாலை ஐந்துக்குள் இந்த வார்டு அலுவலகத்தின் சீலை வாங்கிவிட்டால் இடிப்பு நிற்கும். இரண்டு அறை, ஒரு தையல் மெஷின், தைக்கக் கொடுத்த ஊரார் துணிகள். எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

இந்த இடிப்பை எதிர்த்துத்தான் அவள் தம்பியும் அவனுடைய தோழர்கள் ஆறு பேரும் மூன்று நாளைக்கு முன்பு கொடியோடு வந்து அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். கோஷம் இரண்டாவது வரியைத் தொடுவதற்குள் அதிகாரி, "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார். குமாஸ்தா அவருக்குத் துணைக்குப் போனார். பியூன் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஒருவரும் திரும்பவில்லை. இருபது வருஷமாகப் பிடிக்க வேண்டும் என்று பேசிப் பேசித் தொண்டை கட்டிய அதிகாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு, சாவிக்கொத்தோடு வந்து மடியில் விழுந்தது. தோழர்களில் மூத்தவரான வாத்தியார் மாநகராட்சித் தலைமையகத்துக்குப் போன் போட்டு, "உங்க அலுவலகத்த மக்கள் கைப்பத்திட்டாங்க" என்று அறிவித்தார். பதிவு செய்த பெண்குரல் நன்றி சொல்லி, புகார் எண் கொடுத்து வைத்துவிட்டது. அதோடு சரி.

வந்தது ஜனங்கள்தான். பிறப்புச் சான்று, தண்ணீர் இணைப்பு, கடை லைசென்ஸ். அதிகாரம் நாற்காலியில்தான் குடியிருக்கிறது என்று முதல்நாளே நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் கால் கடுத்தது. சுவரைப் பார்த்தபடியே ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்காரலாம் என்று தீர்மானம் போட்டார்கள். முறை எழுதி வைக்க ஒருவர் வேண்டும் என்று தம்பியிடம் நோட்டைக் கொடுத்தார்கள். அன்று மாலையே வரிசையில் நின்றவர்கள் அவனை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவும் ஆரம்பித்தான்.

"அம்மா, நான் சொல்றேன் கேளுங்க" என்றார் வாத்தியார். "அந்த சீல் அவங்க செஞ்சது. அத வச்சு நல்லது செஞ்சாலும் அவங்க வேலையத்தான் செய்யறோம். அரசு உதிர்ந்து போகணும்."

"அது உதிரட்டும் வாத்தியாரே. என் கூரை எதுக்கு உதிரணும்?"

தோழர்களில் இன்னொருவரான ரொட்டிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன். கத்தி யார் கையில இருக்குங்கறதுதான் கேள்வி. நம்ம கையில இருந்தா வெங்காயம் வெட்டலாம்."

"அப்படிச் சொன்னவங்க எல்லாம் கடைசியில எத வெட்டினாங்கன்னு தெரியுமில்ல?" என்றார் வாத்தியார்.

மூன்று நாளாக இதே வாக்குவாதம், இதே வாக்கெடுப்பு. மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஓட்டு தம்பியுடையது. அக்கா வீட்டு விஷயம் என்பதால் அவன் நடுநிலை.

அப்போது வரிசையிலிருந்து டோக்கன் பதினாலு என்று ஒருவர் முன்னால் வந்தார். இடிப்பு வண்டியின் ஓட்டுநர்.

"சீல் வச்ச மனு ஏதாவது இருக்கா தோழர்? அஞ்சு மணிக்கு ஒண்ணுகூட இல்லேன்னா காலையில ஆறுக்கு வண்டிய எடுக்கணும்."

"எடுப்பீங்களா?" என்றாள் தையல்காரி.

"எனக்கென்னம்மா ஆசையா? நானும் சங்கத்துலதான் இருக்கேன். போன மாசம் என் பேன்ட்டுக்கு ஜிப்பு வச்சுக் குடுத்ததே நீங்கதான். ஒண்ணு குத்திக் குடுக்கச் சொல்லுங்க, நான் வீட்டுல போய்த் தூங்குவேன்."

வாத்தியார் ஓட்டுநரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாலே முக்கால். ஒரே ஒரு முறை குத்துவது, குத்திய பிறகு சீலை உடைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமானது. தம்பி அலமாரியைத் திறந்து சீலைக் கொண்டுவந்தான். மனுவை வாங்கியவன் முதல் வரியிலேயே நின்றான்.

"மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்குன்னு இருக்கேக்கா. இங்கதான் அதிகாரியே இல்லையே."

"அத வாங்கினா நாமதான் அதிகாரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார் வாத்தியார்.

"அப்ப யாருக்குன்னு எழுதறது?"

"மக்களுக்கு."

"மக்கள் வரிசையில நிக்கிறாங்க, அவங்க எப்படி சீல் குத்துவாங்க?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

தையல்காரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள், துணியில் கோடு போடும் பென்சில். 'அதிகாரி' வரியை அடித்துவிட்டு, மேலே 'தம்பிக்கு' என்று எழுதி நீட்டினாள்.

தம்பிக்குக் கண் கலங்கியது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். சீலை மைப்பெட்டியில் ஒற்றினான். கை மேலே போனது.

"ஒரு நிமிஷம்" என்றார் வாத்தியார். "தப்பா நினைக்காதீங்க. தம்பிக்குன்னு யார் வேணும்னாலும் எழுதிட்டு வரலாம். நாளைக்கு ஊரே அக்காதான்."

கை அந்தரத்தில் நின்றது. தம்பி யோசித்தான். நோட்டைப் புரட்டினான். பிறகு, மூன்று நாளில் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒரு குரலில் கேட்டான்.

"உறவுமுறைச் சான்று இருக்கா?"

"என்னது?"

"நீ எனக்கு அக்காதான்னு ஒரு சான்று. இருந்துட்டா ஒரு பிரச்சினையும் இல்ல."

"அத எங்கடா குடுப்பாங்க?"

"இங்கதான். ரெண்டாம் ஜன்னல்."

ஐந்துக்கு நாலு நிமிஷம். தையல்காரி பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். மூடியிருந்தது. உள்ளே நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு மேலே ஏறியது. அதே தம்பி, அதே சீலோடு, தலையைக் குனிந்து புது நோட்டு ஒன்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கம்பிக்கு நடுவே முகத்தை வைத்தாள்.

"தம்பி, அக்கா வந்திருக்கேன். தெரியுதா?"