ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது

1

இது என் மனைவியின் கதை. டெக்சஸின் ரிச்சர்ட்சன் நகரில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அவள் ஆபீஸ் விஷயம் சொல்லச் சொல்ல, ரசம் சாதத்தைப் பிசைந்தபடியே திருடிக்கொண்டேன். எழிலரசிக்கு அது தெரியும். "எழுதிக்கோ. ஆனா பிலிப்ப வில்லனாக்கிடாத," என்றாள்.

முதலில் எழுதிய தொடக்கம்: 'ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஒரு நகரம் கண்விழிக்கிறது, அதன் தெருக்களில்…'

வேண்டாம். நேராகவே சொல்கிறேன். அவள் கம்பெனி மருத்துவமனைகளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செய்து தருகிறது. அது கணினிக்குள் ஓடும் மென்பொருள். அதைப் போன்ற ஒவ்வொரு சர்வீஸையும் தொடங்க, நிறுத்த, ஓடுகிறதா என்று கேட்க, ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது சில வரிக் கட்டளைகள், உண்டு. ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருந்தார்கள். எல்லா ஸ்கிரிப்டும் ஒரே பொது விதிப்படி பதில் சொல்லும்படி மாற்றுவது எழிலின் வேலை.

2

எக்ஸ்சேஞ்சின் ஸ்கிரிப்டை எழுதியவர் பிலிப். நாகர்கோவில்காரர், நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கிறார். எழில் கேட்ட திருத்தங்களை எல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸிடம் 'ஸ்டார்ட்' என்றால் என்ன பதில் வர வேண்டும்? வெற்றி என்கிறது விதி. தோல்வி என்றது அவர் ஸ்கிரிப்ட்.

"நான் எதையுமே ஸ்டார்ட் பண்ணல எழில். பண்ணாத வேலைக்கு சக்சஸ்னு சொன்னா பொய் இல்லையா?"

"நீங்க என்ன பண்ணீங்கன்னு யாரும் கேக்கல பிலிப். அது ஓடணும்னு கேக்குறாங்க. ஓடுது. அவ்ளோதான்."

பிலிப் சீற்றத்துடன் நாற்காலியிலிருந்து எழுந்து

[இதைப் படித்துவிட்டு எழில் கேட்டாள்: "அவர் கேமராவே ஆன் பண்ணல. எழுந்தாரா உக்காந்தாரான்னு உனக்கு எப்படித் தெரியும்?" வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.]

உண்மையில் நான் பிலிப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். செய்யாததற்குப் பெயர் வாங்க மாட்டேன் என்கிற மனிதர் எப்படி வில்லனாவார்?

3

இருவரும் இறங்கி வரவில்லை. அடுத்த ரிலீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர்.

அந்த வாரமே டெக்சஸின் ஒரு சிற்றூர் மருத்துவமனையில் நெட்வொர்க் லேசாகத் தடுமாறியது. சர்வீஸ்களை மேற்பார்வையிடும் மென்பொருள், எழிலின் குழு எழுதியது, எதற்கும் இருக்கட்டுமென்று எல்லாவற்றிடமும் 'ஸ்டார்ட்' என்றது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்ச் 'தோல்வி' என்றது. அதை நம்பிய மேற்பார்வை மென்பொருள் எக்ஸ்சேஞ்சை நிறுத்தி மறுபடி தொடங்கியது. எல்லா அழைப்புகளும் பாதியில் அறுந்தன. அப்போது ஒரு நர்ஸ், வீட்டிலிருந்த நோயாளி ஒருவருக்கு இன்சுலின் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். "பத்து இல்லை" என்றதோடு லைன் போய்விட்டது.

[இந்த இடத்தில் நோயாளியைச் சாகடித்துப் பார்த்தேன். கதைக்குக் கனம் கூடத்தான் செய்தது. எழில் என் லேப்டாப்பை மூடிவிட்டாள். நடந்தது இதுதான்: நர்ஸ் மறுபடி கூப்பிடும்வரை நோயாளி ஊசியைத் தொடவில்லை.]

மறுநாள் பிலிப்பே கூப்பிட்டார்.

"ஸ்கிரிப்ட்ட மாத்திட்டேன். ரிவ்யூ பண்றீங்களா?"

"பண்றேன். இன்னும் அது பொய்னுதான் தோணுதா?"

"இல்ல. கேட்டது லைன் இருக்கான்னு. நான் என்னப் பத்தியே பதில் சொல்லிட்டிருந்திருக்கேன்."

"எங்க பக்கமும் தப்பு இருக்கு பிலிப். நிறுத்துறதுக்கு முன்னாடி ஓடுதான்னு ஒரு தடவ கேட்டிருக்கணும். அதையும் மாத்துறேன்."

4

புதிய ஸ்கிரிப்டைப் போட்ட மதியம், மருத்துவமனையின் அனுமதியோடு, ஓடிக்கொண்டிருந்த எக்ஸ்சேஞ்சிடம் வேண்டுமென்றே மறுபடி 'ஸ்டார்ட்' என்றார்கள். பேச்சில் இருந்த ஓர் அழைப்பு திரையில் பச்சைக் கோடாகத் தெரிந்தது. வெற்றி என்று பதில் வந்தது. கோடு அறுபடாமல் நீண்டது.

"பாத்தீங்களா பிலிப்?"

"பாத்துட்டேதான் இருக்கேன்."

அந்த அழைப்பு முடியும்வரை இருவரும் போனை வைக்கவில்லையாம். இதைச் சொல்லும்போது எழிலின் முகத்தில் இருந்த நிறைவை எழுத மூன்று வாக்கியங்கள் முயன்று மூன்றையும் அடித்துவிட்டேன்.

உச்சக்கட்டத்தில் எதுவுமே நடக்காத கதையை எப்படி முடிப்பது? பிலிப்புக்கு புரமோஷன் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. எடிசனின் ஓக் ட்ரீ ரோட்டில் இரண்டு குடும்பமும் தோசை சாப்பிடுவதாக எழுதினேன். அது நடக்கலாம், பிலிப் அழைத்திருக்கிறார்.

ஆனால் முடிவு அந்தப் பச்சைக் கோட்டில் இருக்கிறது. அதில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எழிலுக்குத் தெரியாது. ஒட்டுக்கேட்க அவளுக்கு உரிமையில்லை, எனக்கும்தான். அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அவர்களை நிதானமாகப் பேசவிடுங்கள். லைன் போகாது.