வராதவளின் பிளைண்ட்

ஒன்று பத்துக்கு ட்ரெவ் மணியை அடித்தான். லியோனியின் நாற்காலி காலி.

பேர் கொடுத்திருந்ததால் அவளுக்கும் வில்லைகள் வைத்தாக வேண்டும். சீட்டாட்டப் போட்டியை நடத்துகிறவன் ட்ரெவ். ஐயாயிரத்துக்கு வில்லைகளை எண்ணி, நிறவாரியாக அடுக்கி அவள் இடத்தில் வைத்தான். என் இடப்பக்கம். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அவள் இடம் அதுதான். குலுக்கி இடம் போட வேண்டும் என்பது விதி. எங்கள் கிளப்பில் இருப்பது ஒரே மேசை. யாரும் குலுக்குவதில்லை.

போன ஞாயிறு கிளம்பும்போது சொன்னாள்.

"அடுத்த வாரத்துக்கும் என் பேரை எழுதிக்கோ, ட்ரெவ். பெர்த்துக்குப் போகலைன்னா வர்றேன்."

ட்ரெவிடம்தான் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பெர்த்தில் அவள் மகள் இருக்கிறாள். அங்கேயே குடிபோக, சாமான் லாரியை நேற்று சனிக்கிழமைக்குச் சொல்லியிருந்தாள். இன்று நான் அவள் தெரு வழியாக வரவில்லை. வந்திருந்தால் போய்விட்டாளா என்று தெரிந்திருக்கும்.

ஆள் இல்லாவிட்டாலும் பிளைண்ட் கட்டியாக வேண்டும். பிளைண்ட் என்றால், சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் நடுவில் வில்லை போடுவது. முதலாமவர் பாதி, அடுத்தவர் முழுசு. அந்த முறை மேசையைச் சுற்றி வரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தொகை ஏறும். வராதவரின் அடுக்கு தானாகக் கரையும். கரைந்து முடிந்தால் ட்ரெவ் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டுவிடுவான்.

முதல் சுற்றில் அவள் பிளைண்டை மெர்வ் அடித்தான். ஓய்வுபெற்ற கசாப்புக்காரன். என் எதிரே உட்கார்வான்.

"திறந்து போட்ட ஃப்ரிட்ஜு. எடுத்துக்க வேண்டியதுதான்" என்றான்.

இரண்டாவது சுற்றில் க்ளெனிஸ் சீட்டைப் பகிர்ந்தாள். அவள் என் வலப்பக்கம். பாதி பிளைண்ட் நான், முழு பிளைண்ட் லியோனி. மற்றவர்கள் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார்கள். மிச்சம் நான் மட்டும். கையில் இரண்டு ராணி. தொகையை ஏற்றினால் நடுவில் கிடப்பது எனக்கு. காலி நாற்காலி எதிர்த்து ஆடாது.

"ஸ்கூட்" என்று நானும் விலகி, சீட்டைக் கவிழ்த்துத் தள்ளினேன்.

எல்லோரும் கவிழ்த்துவிட்டால், நடுவில் கிடப்பது காலி நாற்காலிக்குத்தான். எங்கள் கிளப்பில் அப்படி. என் பாதியும் அவள் அடுக்கில் சேர்ந்தது.

தள்ளிய வேகத்தில் ஒரு ராணி மல்லாந்துவிட்டது. மற்றதை க்ளெனிஸே திருப்பினாள்.

"ரெண்டு ராணியை வெச்சுக்கிட்டு ஸ்கூட்டா? கண்ணுல பூ விழுந்துடுச்சா, கெல்?"

"தப்பாப் பார்த்துட்டேன்."

"நாற்காலியப் பார்த்துப் பயந்துட்டான்யா" என்றான் மெர்வ்.

சிரித்தார்கள். ட்ரெவ் சிரிக்கவில்லை.

"வேணும்னே விட்டுக்கொடுத்தா வெளியதான் அனுப்பணும், கெல்."

"தெரியும்."

வெளியே சரளைக்கல்லில் கார் நுழையும் சத்தம். வெள்ளை உடுப்பில் நான்கு பேர் இறங்கிப் புல்தரைக்குப் பந்து உருட்டப் போனார்கள்.

மூன்றாவது சுற்று. மறுபடி அவள் முழு பிளைண்ட். மெர்வ் தன் சீட்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தான். நல்ல சீட்டு வந்தால் அவனுக்குக் காது சிவக்கும். சிவந்தது. கை வில்லைகள்வரை போயிற்று. அங்கேயே நின்றது.

"ஸ்கூட்" என்றான். "இன்னைக்கு ஒண்ணும் வந்து தொலையல."

அடுத்தவர் கவிழ்த்தார். அதற்கடுத்தவரும். க்ளெனிஸ் சீட்டைப் பார்க்காமலே கவிழ்த்தாள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. ட்ரெவ் எழுந்து, ஒரு தட்டு இறைச்சியைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு விற்கும் பெண்ணிடம் போய் இரண்டு வாங்கினான். அவன் வாங்கி நான் பார்த்ததில்லை.

நான் ஸ்கூட் சொன்னேன்.

அப்புறம் ஒவ்வொரு சுற்றும் அப்படித்தான். நான் கொடுத்த பாதி, அடுத்த ஆட்டத்தில் அவளுடைய பாதியாகக் கழிந்தது. அவள் அடுக்கு ஏறவில்லை. குறையவுமில்லை. என்னுடையது குறைந்தது.

இன்னும் மூன்று கார் வந்தன. ஒன்று நீலம். அவளுடையதும் நீலம். ஜன்னல் வழியாகப் பார்க்கப் பாதி எழுந்தேன். ரொட்டிக் கடைக்காரன்.

மூன்று மணிக்கு இடைவேளை. எல்லோரும் பாருக்குப் போனார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். நானும் போனால் அவள் நாற்காலிக்குத் துணை இருக்காது.

மெர்வ் இரண்டு கிளாஸ் பியரோடு வந்தான். ஒன்றை என் முன் வைத்தான். லியோனியின் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூணாவது சுத்துல என்கிட்ட என்ன இருந்துச்சு தெரியுமா?"

"காது சொல்லுச்சு."

"ரெண்டு ராஜாய்யா. வருஷத்துக்கு நாலு தடவை வருமா அது? உனக்காகக் கவிழ்த்தேன்."

"எனக்காகன்னு யாரு கேட்டா?"

"நீ எப்பதான் கேட்டிருக்க?" ஒரு மடக்குக் குடித்தான். "உன் அடுக்கு இன்னும் ரெண்டு சுத்து தாங்கும். அதுக்கப்புறம் அவளுக்கு முட்டுக் கொடுக்க ஆளு இல்ல. ஃபோன் போட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"வர்றதா இருந்தா வருவா."

பாரிலிருந்து க்ளெனிஸ் எங்களைப் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ட்ரெவ் மணியைக் கையில் எடுத்துவிட்டு, அடிக்காமல் நின்றான்.

மெர்வ் குனிந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"யோவ் கெல். போன ஞாயித்துக்கிழமை அவ உன் மூஞ்சியப் பார்த்துச் சொன்னாளே. அப்ப நீ, போகாம இருன்னு ஒரு வார்த்தை சொன்னியா, இல்லையா?"