கேட்கிற பக்கத்து நாற்காலி

டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற இளைஞர் மன்றத்தில் அவளுக்கு ஆபீசரம்மா என்று பெயர். ஆபீசும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. இருபது வயதுப் பெண், கையில் ஒரு வேலையும் இல்லை. பிறகு எப்படி வந்தது இந்தப் பட்டம் என்று கேட்டால், அது சனிக்கிழமை ஒத்திகையில் வந்தது.

மன்றத்தில் தையல் சொல்லிக் கொடுப்பார்கள், கம்ப்யூட்டர், செல்போன் ரிப்பேர் எல்லாம் உண்டு. அவ்வப்போது வெளியிலிருந்து ஆட்கள் வந்து, வேலைக்கும் பயிற்சிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அதற்காகத்தான் சனிக்கிழமைதோறும் இன்டர்வியூ ஒத்திகை. நீள மேசைக்கு ஒரு பக்கம் கேட்கிறவர், மறுபக்கம் பதில் சொல்கிறவர். முதலில் பொறுப்பாளர் அக்காதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அக்காவுக்கு மனசு வெல்லக்கட்டி. எதிரே இருக்கிறவர்கள் திக்கினால் அக்காவுக்குக் கண் கலங்கிவிடும். இப்படி ஒரு ஆபீசரை எந்தக் கம்பெனியில் பார்த்திருக்கிறீர்கள்? அதனால் ஒருநாள் புதிதாய் வந்திருந்த இவளைப் பிடித்து ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். இவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, "ம்... உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றாள் பாருங்கள், எதிரே இருந்தவனுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அன்றையிலிருந்து அவள்தான் ஆபீசரம்மா.

சும்மா சொல்லக்கூடாது, கேட்பதில் கெட்டிக்காரி. பதில் வாயில் சிக்கிக்கொண்டால் அவளே எடுத்துக் கொடுப்பாள். "எங்க தொடங்கணும்னு தெரியாம முழிக்காதே. உங்கம்மா கடையில நீ என்ன செய்வ, அதைச் சொல்லு." "அய்யோ, அதையெல்லாமா சொல்றது?" "அதைத்தான் சொல்லணும்." இப்படித் தோண்டித் தோண்டி, ஒவ்வொருவரிடமும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுப்பாள். மன்றத்தில் எல்லோருடைய வாழ்க்கையும் அவளுக்கு மனப்பாடம். ஒருவன் ஓட்டலுக்குப் போனான், ஒருத்தி அச்சகத்துக்குப் போனாள், விமானத்தில் மூட்டை ஏற்றும் வேலைக்குக்கூட ஒருவன் போய்விட்டான். போனவர்கள் முதல் வாரம் போட்டோ அனுப்புவார்கள். அப்புறம் அதுவும் நின்றுவிடும். இவள் மட்டும் மன்றத்து வாட்ஸப் குழுவில் "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று போடுவாள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீலக் கோடு காட்டும். பதில் வராது. அவரவருக்கு ஆயிரம் வேலை.

"நீயும் ஒரு தடவை அந்தப் பக்கம் உக்காரும்மா" என்று அக்கா சொல்லிப் பார்ப்பாள்.

"முதல்ல இதுங்க கரையேறட்டும் அக்கா."

ஊருக்குத்தான் உபதேசம். உள்ளுக்குள் காரணம் வேறு. அந்தப் பக்கம் உட்கார்ந்தால் சொல்வதற்குத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்று அவள் நம்பினாள். அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. அப்பா வேறு குடும்பத்தோடு போய்விட்டார். அண்ணன் லாரி ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் சாலையில், மீதி நாள் தூக்கத்தில். வீட்டில் அண்ணியும் குழந்தைகளும் இவளும். அண்ணி கொடுமைக்காரி இல்லை, தப்பாக நினைத்துவிடாதீர்கள். கொடுமைக்காரியாக இருந்திருந்தால் தினமும் நாலு திட்டாவது காதில் விழுந்திருக்கும். அண்ணி சோறு போட்டு மூடி வைப்பாள், துணியை மடித்து வைப்பாள், அவ்வளவுதான். இவள் எங்கே போகிறாள், எதற்கு வருகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவளும் சொன்னதில்லை. கேட்காமல் போய்ச் சொல்வானேன் என்று ஒரு வீம்பு.

அப்படி இருக்கும்போதுதான் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. ஒரு வருஷப் பயிற்சி, முடிந்ததும் அங்கேயே வேலை, தங்குவதற்கு விடுதி. மன்றத்துக்கு ஒரே ஒரு இடம். ஆபீசரம்மாவின் காதில் மற்றதெல்லாம் விழவில்லை, விடுதி என்ற சொல்தான் விழுந்தது. ஒரு அறைக்கு ஆறு கட்டில், சாப்பாடு நீள மேசையில் எல்லோரும் சேர்ந்து என்று அக்கா சொன்னாள். ஆறு கட்டில்! விளக்கை அணைத்த பிறகும் யாராவது ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள் அல்லவா? வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்கு ஒன்று வேண்டும் என்று இருந்தது, பிடிவாதமாக வேண்டும் என்று இருந்தது.

"நானும் போறேன் அக்கா" என்றாள். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

அந்த ஒரு இடத்துக்கு இன்னொருத்தியும் நின்றாள். அவள் வாலு. அந்தப் பெயருக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், வாய் மூடாது. ஆபீசரம்மாவுக்கு மன்றத்தில் தோழி என்று இருந்தால் இவள்தான். வாலுவின் அப்பா கொத்தனார். சுண்ணாம்பு தெறித்து ஒரு கண் போய்விட்டது. இன்னொரு கண்ணைக் காப்பாற்ற மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட்டது வாலுதான்.

போட்டிக்கு நிற்கிறவளுக்கே பாடம் எடுப்பார்களா? இவள் எடுத்தாள். அந்த வாரம் முழுக்க அந்தக் கதையை எடுத்து எடுத்து, எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்று வாலுவைச் சொல்ல வைத்து, அவள் மறந்த இடத்தில் இவள் சொல்லி, இரண்டு பேர் வாயிலும் அது ஊறிப்போயிற்று.

"நீ என்னடி சொல்லப் போற?" என்று வாலு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கெட்ட எண்ணமில்லை, தோன்றவில்லை. ஆபீசரம்மா என்றால் கேட்கிறவள், அவளை யார் கேட்பது?

இன்டர்வியூ நாளும் வந்தது. மன்றத்திலேயே, அதே அறையில், அதே மேசை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் விடுதி வார்டனும் வந்திருந்தார்கள். மூன்றாவதாக வர வேண்டியவர் வரவில்லை. வாலு முதலில் போய், முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள். "சூப்பர்டி! டாக்டரம்மா கண்ணைத் துடைச்சாங்க!"

அடுத்து ஆபீசரம்மா. கதவைத் திறந்தாள், வணக்கம் சொன்னாள், நேரே மேசையைச் சுற்றிக்கொண்டு போய், காலியாக இருந்த ஜன்னலோரத்து நாற்காலியை இழுத்து, டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தது மட்டுமா? பேனாவையும் கையில் எடுத்துவிட்டாள். எதிரே பார்த்தால் நாற்காலி காலி. ஆள் எங்கே?

வார்டன் இருமினார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னம்மா, நீ எங்களைச் செலக்ட் பண்ண வந்தியா? அந்தப் பக்கம் உக்காரு."

இவளுக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, எதிர்ப் பக்கம் உட்கார்ந்தாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் அறையே வேறாகத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தது. இத்தனை பேரை இந்த வெளிச்சத்திலா உட்கார வைத்தோம்?

"சரி, பதறாதே. உன்னைப் பத்திச் சொல்லு" என்றாள் டாக்டரம்மா.

தலைக்குள் ஒன்றுமில்லை, துடைத்துவிட்ட மாதிரி. நாக்கு மட்டும் பழக்கப்படி வேலை செய்தது. "எங்கப்பா கொத்தனாரு மேடம். ஒருநாள் சுண்ணாம்பு கண்ணுல தெறிச்சு..." என்று தொடங்கி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தி, கடைசி வரிவரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது போங்கள்.

டாக்டரம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணவில்லை. "இதே கதையை இப்பத்தான் ஒரு பொண்ணு சொல்லிட்டுப் போனா. வார்த்தை மாறாம."

வார்டன் கையிலிருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"மன்றத்துல இதுதான் சொல்லித் தர்றாங்களா? ஒரு சோகக் கதையை எழுதிக் கொடுத்து எல்லாரையும் ஒப்பிக்கச் சொல்றீங்களா? நான் வேற அழுதேன்!" டாக்டரம்மா வார்டன் பக்கம் திரும்பினாள். "ரெண்டு பேருமே வேண்டாம். கிளம்பலாம்."

தன் இடம் போனது அவளுக்கு உறைக்கவே இல்லை. ரெண்டு பேருமே என்ற சொல்தான் சுட்டது. அடிப்பாவி, வாலுவையும் சேர்த்து அல்லவா கெடுத்துவிட்டாய்!

"மேடம், மேடம், அவ பொய் சொல்லல. நான்தான் பொய். அது அவளோட கதை. அவ அப்பாதான் கொத்தனாரு."

"எதை வெச்சு நம்பறது?"

"அவ அப்பாவுக்கு மருந்து பாட்டிலைப் பார்த்தாலே பயம் மேடம். கண்ணை இறுக்கி மூடிப்பாரு. அதனால அவ தினமும், 'அப்பா, மேல பாரு, கூரையில ஓட்டை விழுந்திருக்கு'ன்னு கத்துவா. கொத்தனாரு இல்லையா, பதறிப்போய்ப் பார்ப்பாரு. அந்த நேரத்துல டப்புன்னு விட்டுடுவா. தினமும் அதே ஓட்டை, தினமும் அவரு ஏமாந்து பார்ப்பாரு. இது சின்னப்பிள்ளைத்தனமா இருக்குன்னு உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டா. கூப்பிட்டுக் கேளுங்க. கண் இமையை எப்படிப் பிடிக்கணும், ஒரு சொட்டுக்கும் இன்னொரு சொட்டுக்கும் நடுவுல ஏன் காத்திருக்கணும், எல்லாம் அவளுக்குத் தெரியும். உங்க ஆஸ்பத்திரிக்கு அவளைவிட நல்ல பொண்ணு கிடைக்க மாட்டா மேடம்."

மூச்சு வாங்கியது. தனக்காக ஒரு வரி வராத வாய், அடுத்தவளுக்காக ஆறாக ஓடியது.

டாக்டரம்மா தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள். "சரி, அது அவளோடது. உன்னோடது எங்கே? ஏன் அவளோடதை எடுத்த?"

"வேணும்னு எடுக்கல மேடம். எனக்குன்னு ஒண்ணும் இல்ல." அதோடு நிறுத்தியிருப்பாள். ஆனால் எதிரே இருந்தவள் காத்திருந்தாள். ஒருத்தி பேசாமல் காத்திருந்தால் எதிரே உள்ளவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது இவளே எத்தனையோ பேரிடம் செய்த வித்தை. "வீட்டுல என்னை யாரும் ஒண்ணும் கேட்கறதில்ல மேடம். இங்கயும் கேட்கறதில்ல. நான் எல்லாரையும் கேட்பேன். அப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா, நான் தனியா இருக்கறது எனக்கே தெரியாது. அவ்வளவுதான் மேடம் என்னைப் பத்தி."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பிறகு, "போய் அந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்றாள். இவள் கதவுக்குப் போனதும், "இப்ப சொன்னே பாரு, அதை முதல்லயே சொல்லியிருக்கலாம். அடுத்த வருஷமும் வருவோம்" என்றாள்.

வாலு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. கூரையில் ஓட்டை விழுந்துவிட்டது போலிருக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அந்த ஆறு கட்டிலும் ஞாபகம் வந்தது.

இடம் வாலுவுக்குத்தான். அக்கா கைதட்டினாள், தையல் வகுப்புப் பெண்கள் ஓடி வந்தார்கள். வாலு வந்து ஆபீசரம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "எல்லாம் உன்னாலதான்டி! ஓட்டைக் கதையைப் போட்டுக் கொடுத்தியா கள்ளி? ஆமா, உன்னை என்னடி கேட்டாங்க?"

இத்தனை காலத்தில் வாலு அவளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. ஆபீசரம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் வாலுவின் போன் அடித்தது. "அப்பா! அப்பா, கிடைச்சிருச்சுப்பா!" ஒரு விரலைக் காட்டி இவளிடம் பொறு என்றவள், பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கினாள். டயர் கடையைத் தாண்டி, தெருவில் இறங்கி, ஒரு கண் போன அந்த மனிதரோடு அழுது சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இவள் பொறுத்துப் பார்த்தாள். கோபப்பட முடியவில்லை. அப்பா என்று ஒருவர் இருந்து கூப்பிட்டால் யார்தான் ஓட மாட்டார்கள்?

சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போனாள். வழியெல்லாம் தெரிந்த தெருதான். குழந்தைகள் டிவி முன்னால் கிடந்தன. அண்ணி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வழக்கம்போல் இவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுப்படி வாசலில் நின்றாள். யாரும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. வீம்பு தொண்டைவரை வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"அண்ணி, இன்னைக்கு எனக்கு ஒரு இன்டர்வியூ. கிடைக்கல."

கரண்டி நின்றது. அண்ணி திரும்பவில்லை. ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று நினைத்து இவள் நகரப் போனாள்.

"எதுக்கு இன்டர்வியூ?"

"கண் ஆஸ்பத்திரிக்கு."

"நல்லாப் பேசுவியே நீ. மாடியில நீ மத்தவங்களுக்குச் சொல்லித் தர்றதா டயர் கடைக்காரர் சம்சாரம் சொன்னாங்களே." அண்ணி இப்போதுதான் திரும்பினாள். "நீயா வந்து சொல்லுவேன்னு நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன். கேட்டா கோவிச்சுக்குவியோன்னு இருந்துட்டேன். என்ன கேட்டாங்க?"

"என்னைப் பத்திக் கேட்டாங்க அண்ணி."

அண்ணி அடுப்பை அணைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"நீ என்ன சொன்ன?"

ஆபீசரம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய பதில் அவளிடம் தயாராக இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் அழுகை முந்திக்கொண்டது. அழுகை அடங்கட்டும் என்று அண்ணி காத்திருந்தாள்.