மாட்டுக் கொட்டாயில் கேட்ட மேளம்

கேட்க வந்தது காசியம்மாளை. பதில் சொன்னதெல்லாம் அவள் தம்பி வேடியப்பன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் நிர்மலா, பிரின்சி என்ற மாணவியோடு கல்வராயன் மலைக்கு பஸ் ஏறி வந்திருந்தாள். மாற்றுத்திறனாளிகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை, அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்து அதை வகுப்பில் பாடமாக வைக்கப்போகிறோம் என்றாள். சிறு வயதில் அம்மை போட்டுக் கண் போனதிலிருந்து காசியம்மாளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. புளி தட்டிக்கொண்டிருந்த சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சின்ன வயசுல எப்டி இருந்தீங்கக்கா?" பிரின்சியின் குரல் பக்கத்தில் வந்தது.

"அதுக்கு இன்னா தெரியும்? நான் சொல்றன்" என்றான் வேடியப்பன். "எங்கக்காவ ஒரு கொறையும் இல்லாம வச்சிக்கினு இருக்கறோம்."

"அக்காவே சொல்லட்டுமே" என்றாள் நிர்மலா. அவன் காதில் வாங்கவில்லை.

"கண்ணு தெரியாதவங்க படிக்கற ஸ்கூல்ல சேக்கறன்னு ஒரு அம்மா கீழருந்து வந்து கூப்ட்டாங்க. இதுதான் வூட்ட வுட்டு போமாட்டன்னு அழுது அடம் புடிச்சிது."

காசியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எவடா அழுதா? துணிய மூட்ட கட்டிக்கினு வாசல்லயே குந்தியிருந்தன் நான். அப்பாதான் அனுப்பல. ஏன்னு சொல்லுடா. நீ கைக்கொழந்த. அம்மா காட்டு வேலைக்குப் போனா உன்னத் தூக்க ஆளு வேணும். இந்த இடுப்புலதான வளந்த? அப்பறம் உன்ன பள்ளிக்கூடத்துல வுட்டாங்க, என்ன புளி தட்ட குந்த வச்சாங்க."

"யக்கா, ரெக்கார்டு ஆவுது."

"ஆவட்டும். உன் கல்யாணத்தயும் சொல்றன். பொண்ணு வூட்டுக்காரங்க குருட்டு வம்சம்னு சொல்லிடுவாங்கன்னு என்ன மாட்டுக் கொட்டாயில தள்ளி வெளிய பூட்டுன. சாணி நாத்தத்துல குந்திக்கினு உன் மேளத்தக் கேட்டன். ஒரு வா சோறு குடுக்க எவனுக்கும் நெனப்பு வரல."

வேடியப்பன் எழுந்துவிட்டான். "மேடம், இத்த அழிச்சிடுங்க. குடும்ப மானம் போற விசயம்."

நிர்மலா காசியம்மாள் பக்கம் திரும்பினாள். "அக்கா, அழிக்கட்டுமா?" என்றாள்.

"அழிக்காத. என் பேரு போட்டே வையி. அவன் பேரயும் போடு."

அடுத்த வாரம் பிரின்சி வந்து அவளைக் கல்லூரிக்கு அழைத்துப்போனாள். வகுப்பில் அவள் குரலை ஓடவிட்டார்கள். முடிந்ததும் கைதட்டல். "உங்க தன்னம்பிக்கைய பாத்தா பெருமையா இருக்குதுங்கம்மா" என்றான் ஒரு மாணவன்.

"எதுக்குப்பா தட்றீங்க? பூட்டி வச்சதுக்கா?" காசியம்மாளின் குரல் உயர்ந்தது. "நான் இன்னா தன்னம்பிக்கையா பேசிட்டன்? வயிறு எரியுதுன்னு சொன்னன். உங்க வூட்லயும் என்ன மாதிரி ஒருத்தி இருப்பா. போயி அவளக் கேளுங்க."

 ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். "தம்பிய மன்னிச்சிட்டீங்களா?"

"அவன் கேட்டாத்தானம்மா மன்னிக்கறதுக்கு?"

வீடு திரும்பியபோது வேடியப்பன் வாசலில் இருந்து எழுந்து போனான். அதன்பின் அவளோடு பேசவில்லை. அவன் மனைவி ரங்கம்மாள் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். ஊரே பேசிக்கொண்டிருந்ததில் அவளுக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"அண்ணி, தாலி கட்டற அன்னிக்கி கொட்டாயில கதவு தட்டற சத்தம் கேட்டுச்சி. இன்னா அதுன்னு கேட்டன். மாடு முட்டுதுன்னாரு. பின்னால, கல்யாணத்தப்ப நீங்க தியாகதுருகத்துல அத்த வூட்டுக்குப் போயிருந்ததா சொன்னாங்க."

காசியம்மாள் தன் கையைத் தடவிக்கொண்டாள். அன்று உள்ளங்கை கன்றிப்போகும்வரை தட்டியிருந்தாள். யாருக்கும் கேட்கவில்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"அப்ப உனுக்குக் கேட்டிருக்குது."

"கேட்டுச்சி அண்ணி."

"அப்பறம் ஒரு மாசத்துல நான் யாருன்னு தெரிஞ்சிதே. அப்பவாச்சும் கேட்டிருக்கலாம்ல?"

ரங்கம்மாள் அழுதாள். காசியம்மாள் சமாதானம் சொல்லவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழுது இன்னா ஆவப்போவுது? அந்த டீச்சரு மறுபடி வருவாங்க. நீ கேட்டத நீயே அவங்க கிட்ட சொல்லு" என்றாள்.