ரொண்டாவின் அட்வான்ஸ்

ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் இருக்கும்போதே ரொண்டா வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னதும், அட்வான்ஸில் ஒரு டாலர்கூடத் திருப்பித் தருவதில்லை என்று லெஸ்டர் நோவாக் முடிவு கட்டிவிட்டார். அமெரிக்காவின் டொலிடோ நகரில் இருபது வருடமாக வீடு வாடகைக்கு விடுபவர். பாதியில் கிளம்புகிறவர்களின் கதைகள் அவருக்கு அலுத்துப்போயிருந்தன.

காலை பத்து மணிக்குச் சேதங்களைக் குறித்துக்கொள்ள வந்தார். சாமான்கள் ஏற்கெனவே காரில் ஏறியிருந்தன. கூடத்துச் சுவரில் ஒரு பள்ளம்.

"என்ன இது, நாற்காலி இடிச்சதா?"

"என் தலை," என்றாள் ரொண்டா. "டுவெய்ன் பிடிச்சு மோதினான். விவாகரத்தாகி ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் மோப்பம் பிடிச்சு வர்றான். அதான் போறேன்."

"ஆளுக்கொரு கதை சொல்றாங்கம்மா."

அவள் தலைமுடியை விலக்கித் தையலைக் காட்டினாள். லெஸ்டர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, 'சுவர், முந்நூறு டாலர்' என்று எழுதினார்.

அப்போதுதான் வாசல் கதவு அதிர்ந்தது. இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. டுவெய்ன் கையில் இரும்புக் கம்பியோடு உள்ளே வந்தான்.

"யாருடி இந்தக் கிழவன்?"

"இந்த வீட்டோட சொந்தக்காரன். வெளிய போடா," என்று லெஸ்டர் குறுக்கே நின்றார்.

கம்பி அவர் வலது முன்கையில் இறங்கியது. எலும்பு முறிவது அவருக்கே கேட்டது. அடுத்த அடி வாயில் விழுந்தது. சரிந்தவரைத் தாண்டிப்போன டுவெய்ன், கம்பியைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ரொண்டாவின் கழுத்தை நெரித்தான். அவள் கால்கள் தரையைத் துழாவின. லெஸ்டர் ஊர்ந்துபோய், மிச்சமிருந்த பற்களால் அவன் கணுக்காலைக் கடித்தார். அலறித் திரும்பியவனின் பிடி விட்டது.

ரொண்டா கம்பியை எடுத்தாள். முட்டியில் ஓர் அடி. விழுந்தவனின் தோளில் ஓர் அடி. பிறகு அவள் எண்ணவில்லை.

"போதும்மா. செத்துடுவான்."

"செத்தா என்ன?" என்றாள். ஆனாலும் கம்பி கையிலிருந்து நழுவியது.

பக்கத்து வீட்டார் கூப்பிட்ட போலீஸ் டுவெய்னைத் தூக்கிப்போனது. லெஸ்டர் வாயிலிருந்து ரத்தம் ஒழுக, சட்டைப்பையைக் கண்ணால் காட்டினார். உள்ளே காசோலைப் புத்தகம் இருந்தது.

"நீயே எழுது. முழு அட்வான்ஸும்."

"கதவு? சுவர்?"

"ரெண்டையும் நீ உடைக்கல."

லெஸ்டர் இடது கையால் போட்ட கோணல் கையெழுத்தை வங்கி ஏற்கவில்லை. நான்கு நாள் கழித்து ரொண்டா தொலைபேசியில் சொன்னாள். லெஸ்டர் கட்டுப்போட்ட கையோடு வங்கிக்குப் போய், மேலாளர் முன்னால் உட்கார்ந்து, பணத்தை நேராக அவள் கணக்குக்கு அனுப்பினார். இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.