நோன்பு மாதத்து ருசி

கம்பெனியில் மசாலா மாதிரி பார்க்கும் அறையின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நஸீரா தண்ணீர் குடித்தாள். நோன்பு மாதத்தில் ஒரு முஸ்லிம் பெண் பகலில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் மற்ற பெண்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மாதத்தில் சில நாட்கள் நோன்பு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. ஆனால் அவளுக்கு அந்தச் சில நாட்கள் போன வாரமே முடிந்துவிட்டன. அதனால்தான் தாழ்ப்பாள்.

குழந்தை உண்டாவதற்காக மதுரையில் அவளுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் முன் கணவன் அயாஸ் அடிவயிற்றில் ஊசி போட்டுவிடுவான். தோல் குடோனில் நாள் முழுக்கப் பெரிய பெரிய கட்டுகளைத் தூக்கிப் போடுகிறவனுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால்தான் இந்தச் சின்ன ஊசியைக் குத்த வரும். பட்டினி கிடக்கவே கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஸ்கேனுக்குப் போகிற நாளெல்லாம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லி லீவு எடுத்தாள். அந்தக் கணக்குப்படி அந்த அம்மாளுக்கு இதுவரை நான்கு கண்கள் ஆகிவிட்டன.

அது மசாலாத் தூள் கம்பெனி. தரத்துக்கு அவள்தான் பொறுப்பு. பிரியாணி மசாலா ஒவ்வொரு முறை அரைபட்டதும் அதில் கொஞ்சம் எடுத்துப் போட்டு இந்த அறையில் ஒரு சின்னக் குண்டானில் சீரகச் சம்பா வேகும். அவள் வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்றால்தான் பாக்கெட்டுக்குப் போகும். நோன்பு மாதத்தில் மட்டும் ருசி பார்க்கும் வேலை அவளுக்கு அடுத்த நிலையில் இருந்த வினிதாவுக்கு. நஸீரா மோந்து பார்ப்பதோடு சரி. பெருநாள் முடிந்ததும் ஒட்டன்சத்திரத்தில் புது யூனிட் திறக்கப் போகிறார்கள். அதை நஸீராவிடம்தான் ஒப்படைப்பேன் என்று முதலாளி கிதர் முகம்மது சொல்லியிருந்தார். குழந்தைக்கு ஏங்கியதைப் போலவே அவள் அதற்கும் ஏங்கினாள். இரண்டுக்கும் மனசு ஒரே அளவு தவிக்கிறது என்று வெளியே சொன்னால் ஊர் எப்படிப் பார்க்கும் என்று தெரியும். அயாஸிடம்கூடச் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் வந்த அரைப்பில் ஏதோ சரியில்லை. மூக்கில் அது பட்டும் படாமலும் நின்றது.

வினிதா ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். "நல்லாத்தானேக்கா இருக்கு?"

"இன்னொருக்கா பாரு. கடைசியில நாக்குல என்னமும் நிக்கிதா?"

"ஒண்ணும் தெரியலியேக்கா."

அத்தனையும் பெருநாள் ஆர்டர். கீழே பாக்கெட் போடும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஷாஹினா, சரக்கு இன்னும் வரவில்லையே என்று வாசலில் வந்து நின்றாள். நஸீராவுக்குப் பொறுக்கவில்லை. கரண்டியை வாங்கி வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டாள். கல்பாசி கருகியிருந்தது. விழுங்கிய பிறகுதான் அந்தக் கசப்பு மெல்ல ஏறியது.

"அனுப்பாதீங்க. கல்பாசியத் தீய விட்டிருக்காங்க" என்றாள்.

ஷாஹினா மசாலாவைப் பார்க்கவில்லை. நஸீராவின் முகத்தையே பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், சிரித்த முகமாகப் படியிறங்கிப் போனாள். நஸீராவுக்குப் போன வாரமே விலக்கு முடிந்தது அவளுக்குத் தெரியும், அதன் பிறகும் நோன்பில்லை. ஆள் நல்ல தெம்பாகத்தான் இருக்கிறாள். கல்யாணமான பெண். பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்று முடிவு கட்ட ஷாஹினாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாள் முதலாளி வீட்டிலிருந்து அடுக்குக் கேரியர் வந்தது. நெய்ச்சோறு, தால்ச்சா. அவர் மனைவி நஜ்முன்னிசா நஸீராவுக்கென்றே ஆக்கி அனுப்பியிருந்தார். கேரியரைத் திறந்து பார்ப்பதற்குள் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

கிதர் முகம்மதுவின் முகமெல்லாம் சந்தோஷம். "அல்லா கண்ணத் தொறந்துட்டான்மா. வீட்ல நேத்துலருந்து ஒரே துஆதான். நீ இனிமே அலையக் கூடாது. ஒட்டன்சத்திரத்த இப்போதைக்கு வினிதா பாக்கட்டும். புள்ளய நல்லபடியாப் பெத்துக்கிட்டு வா, அப்புறம் பேசிக்கலாம்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. யாரிடம் கோபப்படுவது? எல்லோரும் நல்லவர்களாக இருந்து தொலைக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். கொஞ்ச நாள் கழித்து, கரு நிற்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படி ஒரு பொய்யைத் தன் வாயால் சொல்ல அவளால் முடியாது.

"சார், வயித்துல ஒண்ணும் இல்ல."

அவர் புரியாமல் பார்த்தார்.

"ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். அதுக்காகத்தான் நோம்பு விட்டிருக்கேன். அடுத்த வாரம் மதுரைக்கு ரெண்டு தடவ போகணும். நிக்கிமா நிக்காதான்னு டாக்டருக்கே தெரியாது."

அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொல்லியிருந்தா ஒட்டன்சத்திரத்த எனக்குத் தாரேன்னு சொல்லியிருப்பீங்களா சார்?"

வெளியே அரவை இயந்திரம் நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது.

"எனக்கு ரெண்டும் வேணும் சார்" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. உடைந்தால் உடையட்டும் என்று அப்படியே நின்றாள்.

"பெருநா கழியட்டும்மா" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "யோசிச்சுச் சொல்றேன்."

மாதிரி அறைக்கு அவள் திரும்பியபோது கேரியர் இன்னும் சூடாக இருந்தது. இல்லாத பிள்ளைக்கு வந்த சோறு. திருப்பி அனுப்பிவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் பசி வந்துவிட்டது, பட்டினி கிடக்கவும் கூடாது. தாழ்ப்பாள்வரை போன கையை இறக்கிக்கொண்டாள். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வராந்தாவில் வந்த ஷாஹினா ஒரு கணம் நின்றாள். நஸீரா அவளுக்குத் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.

ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது. தால்ச்சாவில் உப்பு குறைவு. பாவம், நோன்போடு ஆக்கியவர் எப்படி ருசி பார்த்திருப்பார்? நஸீரா எழுந்து போய் அலமாரியிலிருந்த உப்பு ஜாடியை எடுத்து வந்து, ஒரு சிட்டிகை போட்டுக் கலந்து, மறுபடி வாயில் வைத்துப் பார்த்தாள்.